இணைச்சீர்ப் படம்

அந்தப் பையில இருக்கறது கேமராதானுங்களே தம்பி? ஏறும்போதே பாத்தேன். படியில கால வெக்கறதுக்கு முன்னாலயே பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு. லென்ஸு வாங்கிக் கைய சுட்டுக்கிட்டவன்தான் அப்படி ஏறுவான். உக்காருங்க, உக்காருங்க. சன்னலோரம் வேணுமுங்களா? அதை மட்டும் கேக்காதீங்க. நீங்க ஏறறதுக்கு முன்னாடியிருந்தே இந்த எடம் எனக்குத்தான்.

என்ற பையா? இருக்கட்டும், மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா கண்ணாடி ஒடஞ்சு போயிரும். ஆமா, கண்ணாடிதான். லென்ஸுன்னா கண்ணாடி இல்லீங்களா? நானும் படம் எடுக்கறவன்தான். தொழிலுக்கு இல்லீங்க, சும்மா பொழுது போகறதுக்கு. புளியம்பட்டிப் பக்கம் ஒரு குளத்துல நாரை வந்து எறங்குதுன்னு சொன்னாங்க, அதைப் புடிக்கலாம்னு கெளம்பினேன். பட்டு வேட்டியா? ஏனுங்க, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு நாரையப் பாக்கக் கூடாதா? தொவைச்ச வேட்டி வேற இல்லீங்க. ஊட்ல ஆளில்ல. நேத்தே எல்லாரும் ஒரு கண்ணாலத்துக்குப் போயிட்டாங்க.

பேரு நாச்சிமுத்து. கோபிக்குப் பக்கத்துல எண்ணெய் மில்லு வெச்சிருந்தேன். முழங்கால் ரெண்டும் மக்கர் பண்ணவும் மில்ல வாடகைக்கு உட்டாச்சு. அப்பறம் நான் ஊட்ல உக்காந்துக்கிட்டு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் வம்பு வளக்கறேன்னு என்ற ஊட்டுக்காரி துளசிமணி பையன்கிட்ட போன்ல ஓதிட்டா. பையன் பூபதி ஒரு பழைய கேமராவ வாங்கியாந்து கையில குடுத்தான். அப்பா, இனிமே யாரயாச்சும் பாத்துக் கோவம் வந்தா ஒரு படம் எடுங்க, பேசாதீங்கன்னான். திமிரு பாருங்க.

ஆனா எனக்குப் புடிச்சுப் போச்சு தம்பி. ஞாயித்துக்கெழம காத்தால கொளத்துக்கரையில ஒரு கூட்டம் கூடும், கேமராக்காரங்க கூட்டம். அதுல தமயந்தின்னு ஒரு புள்ள, பேங்குல வேலை. அதுதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. வெளிச்சத்த எப்படிப் பாக்கறது, மூச்சை எப்படி அடக்கறது, எல்லாம். அப்பறம் கம்ப்யூட்டர்ல படத்தைத் திருத்தறதுக்கு ஒரு சாப்ட்வேர் போட்டுக் குடுத்துச்சு. காசே இல்லீங்கய்யா, ஆரு வேணும்னாலும் எறக்கிக்கலாம்னுச்சு. சும்மா குடுக்கறதுல என்ன பெருசா இருந்துறப் போகுதுன்னு நெனச்சேன். தப்புங்க. அதுல இல்லாததே இல்ல. குளோன்னு ஒண்ணு இருக்குது, உங்களுக்குத் தெரியுமே. ஒரு எடத்துல இருக்கற செவுத்த எடுத்து இன்னொரு எடத்து மேல பூசலாம். குப்பைத்தொட்டியப் பூசி மறைக்கலாம், போற வர்ற நாயப் பூசி மறைக்கலாம். பூசுன எடம் தெரியாது.

மொத மொதல்ல ஒரு மீன்கொத்தி. கரண்டுக் கம்பி மேல உக்காந்திருந்துச்சு. படம் அருமையா வந்துச்சு, கம்பிதான் கண்ண உறுத்துச்சு. ராப்பகலா உக்காந்து கம்பிய அழிச்சுட்டேன். கொண்டுபோயி காட்டறேன், அந்தக் கூட்டமே சிரிக்குது. மீன்கொத்தி அந்தரத்துல உக்காந்திருக்குது! தமயந்தி சொல்லுச்சு, அய்யா, எது மேல உக்காந்திருக்குதோ அதை அழிக்கக் கூடாதுங்கன்னு. இன்னொண்ணும் சொல்லுச்சு. எப்பவும் மூலப்படத்துல கை வெக்காதீங்க, ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிட்டு அதுல பண்ணுங்கன்னு. நகலு எதுக்கு, எடத்தை அடைக்கும்னு நான் உட்டுட்டேன். நம்ம கை மேல நமக்கு நம்பிக்கை இருக்கோணுமுங்க.

நீங்க எந்த ஊரு? தஞ்சாவூர்ப் பக்கமா? அப்ப உங்களுக்கு இணைச்சீர் தெரியாது. சொல்றேன் கேளுங்க. எங்க பக்கத்துக் கண்ணாலத்துல மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ சும்மா வந்து சாப்புட்டுப் போயிர முடியாது. மணவறையில அண்ணன் கூடவே நின்னு ஒரு சீர் செய்யோணும். கூறைச்சேலையோட ஒரு தலைப்பு மாப்பிள்ளை கையில, இன்னொரு தலைப்பு தங்கச்சி கையில. அதுக்குப் பேருதான் இணைச்சீரு. அப்ப சீர் நடத்தற அருமைக்காரர், உனக்கு நாளைக்குப் புள்ள பொறந்தா இவ புள்ளைக்குக் குடுப்பியான்னு கேப்பாரு. குடுப்பேன்னு சொல்லோணும். என்ற கண்ணாலத்துல என்ற தங்கச்சி சாமியாத்தா நின்னா. பாவாடை தாவணி கட்டிக்கிட்டு, சேலைத் தலைப்ப இறுக்கிப் புடிச்சுக்கிட்டு. படத்துல கேமராவப் பாத்து முழிச்சுக்கிட்டு நிப்பா.

அவ வாக்குக் குடுத்தா தம்பி. அதுதான் விசயமே. வாக்குக் குடுத்துட்டு இன்னைக்கு மாத்திப் பேசினா?

அவளுக்கு ஒரே பொண்ணு, மோகனப்பிரியா. எனக்கு ஒரே பையன் பூபதி. மொறையும் இருக்குது, வாக்கும் இருக்குது. போன தீவாளி முடிஞ்சு கேட்டேன், பொண்ணக் குடுன்னு. அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு தெரியுமா? மாமா, நெருங்குன சொந்தத்துல கட்டுனா பொறக்கற கொழந்தைக்கு ஆகாதுங்க, நாங்க ரெண்டு பேரும் ஒரு தட்டுல சோறு தின்னு வளந்தவங்க, எனக்கு அவன் கூடப் பொறந்தவன் மாதிரின்னு. என்ற மூஞ்சிக்கு நேரா! சாமியாத்தா ஒரு வார்த்தை அதட்டலீங்க. புள்ளைக்குப் புடிக்கலீன்னா உட்ருண்ணாங்கறா. பூபதி மனசொடஞ்சு போயிட்டான். வெளிய காட்டிக்கல அவ்வளவுதான். இப்ப அந்தப் புள்ள கண்ணாலத்துக்கே போயி சீரியல் லைட்டுக் கட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டுத் திரியறான்னா, உள்ளுக்குள்ள எத்தனை வேதனை இருக்கும் பாருங்க.

துளசிமணி சொல்லுவா, அன்னைக்கு வாக்குக் குடுத்தது நீங்கதான, உங்களுக்குப் பொண்ணு பொறந்தா அவ பையனுக்குக் குடுக்கறேன்னுதான சொன்னீங்க, அவ எங்க குடுத்தான்னு. பொம்பளைக்கு எல்லாம் நுணுக்கமாத்தான் தெரியும். எப்படித் திருப்பிப் போட்டாலும் சேலை ஒண்ணுதானுங்களே?

கோவம் எல்லாம் இல்ல தம்பி எனக்கு. கோவம்னா சண்டைக்குப் போயிருப்பேன். நான் என்ன பண்ணினேன், பேசாம கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். பழைய ஆல்பத்துப் படத்தை எல்லாம் முன்னாடியே கேமராவுல எடுத்து ஏத்தி வெச்சிருந்தேன். அந்த ஆல்பம் இருக்குதே, மேல பிளாஸ்டிக் தாளு ஒட்டினது, மழை ஈரத்துல படமும் தாளும் ஒண்ணாப் புடிச்சுக்கிச்சு. இன்னும் தெளிவா எடுக்கலாம்னு தாளை உரிச்சேன், மூஞ்சி எல்லாம் தாளோட போயிருச்சு. அது போகட்டும், கம்ப்யூட்டர்லதான் இருக்குதேன்னு ஆல்பத்தைத் தூக்கிப் போட்டாச்சு. அந்தப் படத்துல எல்லாம் சாமியாத்தா இருந்தா. ஒவ்வொண்ணா எடுத்தேன். பழனிக்குப் போனமே, அதுல அவளை எடுத்துட்டுப் படிக்கட்டு வெச்சேன். புது ஊடு பால் காச்சுனப்ப அவ நின்ன எடத்துல செவுரு. பூபதி காது குத்துல அவ இருந்த எடத்துல ஒரு குத்துவெளக்கு.

சுத்தமா எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். துளசிமணி பின்னாடி வந்து நின்னு பாத்துட்டு, இந்தக் கையி ஆருதுங்கன்னு கேட்டா. பாத்தா காதுகுத்துப் படத்துல பூபதி தலைமேல ஒரு கை. வளையலோட. ஆளு இல்ல, கை மட்டும் இருக்குது. அதையும் எடுத்தேன். அப்பறம் படிக்கட்டுல அவ நெழலு மட்டும் கெடக்குதுன்னா. அதையும் எடுத்தேன். அவ ஒண்ணும் திட்டலீங்க. அடுப்படிக்குப் போயிட்டா. அன்னைக்கு ராத்திரி ரசம் உப்பாக் கெடந்துச்சு.

கடைசியா இந்த இணைச்சீர்ப் படம். தை மாசம் எனக்கு அறுபதாங்கண்ணாலம் பண்ணோணும்னு பையன் சொல்லிக்கிட்டிருந்தான். பழைய கண்ணாலப் படம் ஒண்ணைப் பெருசாப் போட்டு வாசல்ல வெக்கறது வழக்கம். தெளிவா இருந்தது இந்த ஒண்ணுதான். சரி, அவளை எடுத்துட்டுப் பந்தல்ல இருந்த வாழமரத்தை அங்க கொண்டாந்து வெச்சேன். சேலை இருக்குதே? என்ற கையிலிருந்து நேரா வாழமரத்துக்குப் போகுது. வாழமரத்துக்கும் எனக்கும் இணைச்சீர் பண்ண மாதிரி. சேலைய அழிச்சேன். அழிச்சா, என்ற கையி சும்மா நீட்டிக்கிட்டு நிக்குது, பிச்சை கேக்கற மாதிரி. அப்ப கைய அழிக்கோணும். கைய அழிச்சா தோளு கோணலாத் தெரியுது. எத்தனை நாள் உக்காந்தேன்னு எனக்கே தெரியாது. கையில்லாத மாப்பிள்ளையா நானு? மறுபடி வேற படத்துலருந்து கைய வரவழைச்சேன். கைய வரவழைச்சா சேலை வேணும். சேலை வேணும்னா, புடிச்சுக்க ஆளு வேணும். அந்தப் படத்துக்குள்ள நான் மாட்டிக்கிட்டேன் தம்பி. இப்ப வரைக்கும் வெளிய வரலீங்க.

அப்படி உக்காந்திருக்கறப்பத்தான் சாமியாத்தா வந்தா. ஊட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு, தட்டுல வெத்தலபாக்குப் பழம் வெச்சுக்கிட்டு, பத்திரிகை வெக்க. வெளியூர்ல மாப்பிள்ளை பாத்து முடிச்சுட்டாங்களாம். நான் எந்திரிக்கல. வேலையா இருக்கேன்னு உள்ளருந்தே சொன்னேன். அவ நேரா உள்ள வந்துட்டா. சின்னதுலருந்தே அப்படித்தான், கதவத் தட்டத் தெரியாது. ஸ்க்ரீன்ல பெருசா அந்தப் படம். அவ மூஞ்சி இருக்கற எடம் பாதி வாழ எலை, பாதி ஒண்ணுமில்ல.

சித்த நேரம் பாத்தா. அப்பறம் என்ன சொன்னா தெரியுமா? ஐயோ அண்ணா, இந்தப் படம் நனஞ்சு போயிருச்சா, எம் மூஞ்சியே போயிருச்சேங்கறா. அதான் உக்காந்து சரி பண்ணிக்கிட்டிருக்கறயாங்கறா. தலைய ஆட்டிட்டேன். அவளுக்குச் சந்தோசம் தாங்கல. ஊட்டுக்காரரைக் கூப்புட்டுக் காட்டறா, பாருங்க எங்கண்ணன், எம் படத்தைச் சரி பண்ணறாருன்னு. பெருசாப் பண்ணிக் கொண்டாண்ணா, புள்ள கண்ணாலத்துல வாசல்லயே வெக்கலாம், எல்லாரும் பாக்கட்டும்னா. துளசிமணி கதவோரம் நின்னுக்கிட்டு முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டா.

போறப்ப, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பொழுதோட தாய்மாமன் சீர் வந்தறோணும், நீ வந்தாத்தான் புள்ளைய மணவறைக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன்னா. இன்னைக்குத்தான் அந்த முந்தின நாளு.

இப்பச் சொல்லுங்க. படத்தைக் கொண்டு போகலீன்னா, ஏன் கொண்டாரலேன்னு ஊரே கேக்கும். கொண்டு போகோணும்னா அவ மூஞ்சி வேணும். மூஞ்சி எங்க இருக்குது? நகல் எடுக்கலியே நானு. எல்லாப் படத்தையும் அதே பேருலயே சேவ் பண்ணி, எல்லாத்துலயும் பூசித் தள்ளிட்டேன். அந்த வயசுச் சாமியாத்தா என்ற ஊட்ல எங்கயுமே இல்ல தம்பி. தேடறேன், தேடறேன். படிக்கட்டு இருக்குது, செவுரு இருக்குது, குத்துவெளக்கு இருக்குது. அவ இல்ல. செத்துப் போன மாதிரி. அவகிட்டயே போயி, உன்ற பழைய படம் ஒண்ணு குடுன்னு கேக்க முடியுமா?

அப்பறம் ஒரு ரோசனை. போன தீவாளிக்கு மோகனப்பிரியாவ நானே படம் புடிச்சிருந்தேன். பொண்ணு கேக்கறதுக்கு முன்னாடி. நல்ல காலை வெளிச்சம், தமயந்தியே மெச்சுன படம். தாவணியில நின்ன அந்தப் புள்ளைய அப்படியே எடுத்து இங்க வெச்சு, ரெண்டு பேர் கைக்கும் நடுவுல சேலையப் பூசினேன். வெளிச்சம் அதுல வலப்பக்கம், இதுல எடப்பக்கம். அதனால மூஞ்சியத் திருப்பிப் போட்டேன். மோவாயில ஒரு மச்சம், அதை எடுத்தேன். பழைய படத்துக் கலருக்குக் கொஞ்சம் மஞ்சளைக் கூட்டினேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணத் தேவையில்லாமப் போச்சு. வாய நெருக்கறது, நெத்தி, காது மடலு, எல்லாம் சாமியாத்தாளேதான். எத்தனை பெருசாக்கிப் பாத்தாலும் அவளேதான். இந்தத் தங்கச்சிப் புள்ளையவா நான் வாக்குத் தவறுனவள்னு ஏசினேன்னு ஒரு மாதிரி ஆயிருச்சு.

ஒண்ணு மட்டும் கொறைஞ்சுச்சு. சாமியாத்தாளுக்கு எடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்குது. கில்லி ஆடறப்ப குறுக்க வந்து நின்னா, பட்டுருச்சு. அடிச்சது நான்தான், ஆனா குறுக்க வந்தது அவ. படத்துக்கு அது வேணுமே. சின்னப் பிரஷ் எடுத்து நானே போட்டேன். கில்லி பட்ட அன்னைக்கு ரத்தத்தைப் பாத்து அவளை விட நான்தான் அதிகமா அழுதேன்.

இதுதான் அந்தப் படம். ஆமா, பையில இருக்கறது லென்ஸு இல்லீங்க. சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு வெச்சிருக்கேன். அடியில சேலை, பூவு, கொஞ்சம் சீர்ச் சாமான். நாரை எங்க போயிரப் போகுது, அது நாளைக்கும் வரும். இருங்க, துணிய விலக்கறேன். பாத்துச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் கண்ணு பழகியிருக்கும். பூசுன எடம் ஏதாச்சும் தெரியுதுங்களா? தெரியலயா? நெசமாலுமா? நல்லாருக்குதுங்களா?

இல்ல தம்பி, அவளுக்கு அன்னைக்குத் தெரியுமா தெரியாதான்னுதான் எனக்குத் தெரியோணும். நான் அழிச்சுக்கிட்டிருந்தது தெரியாமத்தான் அப்படிச் சந்தோசப்பட்டான்னா, இந்தப் பொய்யத் தூக்கிக்கிட்டு எப்படிப் போவேன்? தெரிஞ்சே சொன்னான்னா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்? ரெண்டு பக்கமும் அடைச்சுப் போச்சு.

நம்பியூர் வந்துருச்சு. அக்கட்டால பாருங்க, மண்டபம். சத்தமா இருக்குதே, அதுதான். அந்த பிளெக்ஸுல இருக்கறதுதான் கண்ணாலப் பொண்ணு. பாத்தீங்க, இல்ல? அங்க பாத்துட்டு என்ற பையப் பாக்கறீங்க. சொல்ல வேண்டாம், தெரியுது. தழும்பும் மச்சமும்தான் வித்தியாசம். வழியில போற உங்களுக்கே தெரியுதுன்னா பெத்தவளுக்குத் தெரியாமப் போகுமா? அந்தக் கதவுகிட்ட வெள்ளையும் சொள்ளையுமா நிக்கறானே, அவன் பழனிச்சாமி, பெரியப்பன் மகன். நான் வரலீன்னா மாமனா அவனை நிக்க வெச்சுக்கலாம்னு ரோசனை சொல்லியிருக்காங்களாம். என்ற எடத்துல அவன்! நாளைக்கு அந்த ஆல்பத்துல நான் இருக்கற எடத்துல அவன் நிப்பான்.

எறங்கறவங்க எறங்கிட்டாங்களா? இருக்கட்டும், கூட்டமா இருக்குது. விசில் குடுத்துட்டான் பாருங்க, இனி எப்படி எறங்கறது?

வாங்க கண்டக்டரே. புளியம்பட்டி ஒண்ணு. ஆமாங்க, மறுக்காவும் புளியம்பட்டிதான். என்னங்க சிரிப்பு? ஒருத்தன் காத்தாலருந்து உங்க பஸ்ஸுல போயிட்டு வந்துட்டு இருந்தா உங்களுக்கு நல்லதுதானுங்களே? தம்பி, அவர் சொல்றதைக் கேக்காதீங்க. ஏதோ ரெண்டு நடை கூடப் போயிருக்கும்.

போன் அடிக்குது. சாமியாத்தாதான். எடுக்கட்டுமா? நீங்க சொன்னாச் சரி.

சொல்லு அம்மிணி... ஆமா, வந்துட்டே இருக்கறேன்... பஸ்ஸுலதான்... எந்த பஸ்ஸா? என்ன கேள்வி இது, பஸ்ஸுனா பஸ்ஸுதான்... என்ன சாமி?... சன்னல்லயா?... எப்ப?... இல்ல, அது வந்து... அழுவாதே. அழுவாதே ஆத்தா, ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் பாக்கறாங்க. படமா? மடியிலதான் இருக்குது... சரி... சரி, வெச்சுர்றேன்.

காத்தாலருந்து பாத்துக்கிட்டிருக்காளாம் தம்பி. இந்த பஸ் போகறப்பவும் வர்றப்பவும் வாசல்ல வந்து நிப்பாளாம். சன்னல்ல நான் தெரியறேனாம். எங்கண்ணன் இப்ப எறங்குவான், இப்ப எறங்குவான்னு நின்னு நின்னு பாத்துட்டு உள்ள போயிருவாளாம். பழனிச்சாமிய நிக்கச் சொல்றாங்க, நான் உடமாட்டேன், பொழுது எறங்கறதுக்குள்ள வந்துருங்கறா. படம் சரியா வரலீன்னாலும் பரவால்லண்ணா, நீ வாங்கறா.

ஓடற பஸ்ஸு சன்னல்ல என்னைய அடையாளம் தெரிஞ்சவளுக்கு, அத்தனை பெரிய ஸ்க்ரீன்ல நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு தெரிஞ்சிருக்காதா? தெரிஞ்சிருக்குதுங்க. அன்னைக்கே தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுக்கிட்டேதான் ஊட்டுக்காரரைக் கூப்புட்டுக் காட்டியிருக்கா, சரி பண்ணறான்னு.

தம்பி, புளியம்பட்டியில உங்களுக்கு ஏதாச்சும் அவசர வேலைங்களா? இந்த பஸ் அங்க போயி அப்படியே திரும்பும். கூடவே உக்காந்து வந்தீங்கன்னா, மண்டபத்துகிட்ட வர்றப்ப இந்தப் பைய நீங்க வாங்கிக்கிட்டு முன்னாடி எறங்கிருங்க. பை எறங்கிட்டா நானும் எறங்கித்தான ஆகோணும். தனியா முடியலீங்க.